சுவரிலா, சுருளிலா, அரும்பொருளகத்திலா?

எங்கள் அலுவலகம் வரும் மார்ச்சில் இப்போதைய இடத்தில் பாதியளவே உள்ள ஒரு தளத்துக்கு மாறுகிறது. மேசை நாற்காலிகளை என்ன செய்வது என்பது பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. கூட்டத்தை மூன்று வாரம் இழுத்தடித்தவை 36 துணிகள்.

நாங்கள் சிங்கப்பூரில் கப்பல் உதிரிபாகம் விற்பவர்கள். துணிக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நிறுவனத்தின் பழைய பங்குதாரர் ஒருவர் எழுபதுகளிலிருந்து சுராபாயா, மக்காசார், கூப்பாங், கூச்சிங், பாலெம்பாங் என்று துறைமுகம் துறைமுகமாக அலைந்தவர். போன இடத்திலெல்லாம் ஒரு துணி வாங்கினார். பில் நிறுவனத்தின் பெயரில் இருந்ததால் துணியும் நிறுவனத்துடையதாயிற்று. அவர் விட்டுப்போன ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஊர், தேதி, விலை மூன்றும் இருக்கின்றன. சில பக்கங்களில் விலை மட்டும்தான் இருக்கிறது.

என் தாத்தா ஆரணியில் தறி வைத்திருந்தவர் என்று எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருந்தேன். அதன் பலனாக, இந்தத் துணிகளை என்ன செய்யலாம் என்று ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இயக்குநர்களுக்குக் கொடுத்த அறிக்கையை விரித்து, அதில் எழுத முடியாத சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வீட்டிலோ கடையிலோ பழைய துணிகளை வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் இருப்பு. ஜாவாவின் பாத்திக், அதாவது மெழுகால் கோலமிட்டுச் சாயம் தோய்த்த துணி, 14. அவற்றில் இரண்டின் ஓரத்தில் பெக்காலோங்கான் பட்டறையின் கையெழுத்து இருக்கிறது. மலேசியாவின் திரெங்கானு, சுமத்ராவின் பாலெம்பாங் ஊர்களின் சரிகை நெசவான சோங்கெட் 7. சரவாக்கின் இபான் மக்கள் நெய்த புவா கும்பு 3. சுமத்ராவின் பாத்தாக் மக்களுடைய ஊலோஸ் தோள்துணி 3. லாவோஸ், கம்போடியாப் பட்டு 4. சும்பா தீவின் ஹிங்கி என்ற போர்வை 2. தெற்குச் சுமத்ராவின் லம்போங்கிலிருந்து, கப்பல் உருவம் போட்ட தம்பான் ஒன்று. பாலித் தீவின் தெங்கானான் கிராமத்துக் கெரிங்சிங் ஒன்று. கடைசியாக, யாரும் கண்டுகொள்ளாத ஒரு கட்டம்போட்ட சாரோங். மலாய்க்காரர்கள் அதைக் ‘காயின் பெலிகாட்’ என்பார்கள். பெலிகாட் வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடுதான். 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் துணியைக் கப்பல் கப்பலாக இந்தப் பக்கம் அனுப்பினார்கள். ஊர்ப் பெயர் துணியின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் ஊர்க் கைலி இங்கே ‘தென்கிழக்காசிய மரபுத் துணி’ என்ற பட்டியலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நீக்கவில்லை.

முதல் யோசனை நிர்வாக இயக்குநருடையது. நல்லதாகப் பத்தைப் பொறுக்கி, கண்ணாடிச் சட்டகத்துக்குள் போட்டு, புதிய வரவேற்பறையில் மாட்ட வேண்டும். மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பணம் போட்டால் கண்ணுக்குத் தெரியும் ஒரே வழி இது. வாடிக்கையாளர் பார்ப்பார், பேச்சுக்கு ஒரு விஷயமும் ஆகும். நானும் முதலில் இதற்குத்தான் சாய்ந்திருந்தேன். ஏற்கெனவே மாட்டியிருந்த மூன்றைச் சுவரிலிருந்து இறக்கியதும் மனம் மாறிவிட்டது.

மூன்றில் ஒன்று ‘பாகி-சோரே’ வகைப் பாத்திக். பாகி என்றால் காலை, சோரே என்றால் மாலை. ஒரே துணியின் இரண்டு பாதியிலும் வெவ்வேறு கோலம். காலையில் ஒரு பாதி வெளியே தெரிய உடுத்தலாம், மாலையில் திருப்பி மற்றப் பாதியைக் காட்டலாம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் ஜாவா இருந்தபோது பருத்தித் துணிக்குப் பஞ்சம். அந்த நாட்களில் இது பெருகியது. துணி கிடைக்காத காலத்தில் கை சும்மா இருக்கவில்லை. பட்டாம்பூச்சியும் பூங்கொத்தும் இண்டு இடுக்கில்லாமல் நிரப்பியிருப்பார்கள். எங்களுடையதும் அப்படித்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் சட்டகமிட்டவர், சுவரில் இடம் போதவில்லை என்று துணியைப் பாதியாக மடித்து ஒரு பக்கத்தை மட்டும் காட்டியிருக்கிறார்.

பின்பலகையைப் பிரித்து, பழுப்பேறிய ஒட்டுநாடாவை அங்குலம் அங்குலமாக நீக்கி, மேசையில் விரித்தேன். உள்ளே மடிந்திருந்த பாதி அடர்ந்த செம்மண் நிறத்தில், நேற்று மெழுகு போக்கியதுபோல் இருந்தது. வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாதி சாம்பல் கலந்த ரோஜா நிறம். நடுவில் மடிப்பு விழுந்த இடத்தில் கோடு கிழித்ததுபோல் ஒரு பிரிவு. தேநீர் கொண்டுவந்த எங்கள் அலுவலக மக்சிக் (மலாயில் ‘அத்தை’ என்பதுபோல் மரியாதையாக அழைக்கும் சொல்) எட்டிப் பார்த்தார். அவர் பெக்காலோங்கானில் பிறந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விரலால் தொடாமல், புறங்கையைத் துணிக்கு மேலே காற்றில் நகர்த்திவிட்டு, “காலை போய்விட்டது, தம்பி. மாலைதான் மிச்சம்” என்றார் மலாயில்.

இதற்கு அந்தச் சட்டகக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கணக்கே அப்படி. துணிகளுக்கு அரும்பொருளகங்கள் வைத்துக்கொண்டிருக்கும் ஒளி வரம்பு 50 லக்ஸ். எங்கள் வரவேற்பறையில் கைப்பேசிச் செயலியை வைத்து அளந்தேன், 400 காட்டியது. செயலியை முழுக்க நம்ப வேண்டாம். ஆனாலும் அலுவலக வெளிச்சம் பொதுவாக அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 260 வேலைநாள் என்று வைத்தால், ஓராண்டில் துணி வாங்கும் ஒளி 10,40,000 லக்ஸ்-மணி. அரும்பொருளகத்தில் 50 லக்ஸில் மூன்று மாதம் காட்டிவிட்டு இருட்டுக்குள் வைத்தால் அது 45,000. எங்கள் சுவரின் ஓராண்டு, அவர்களுடைய காட்சி 23க்குச் சமம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் பாதிப்பு குறையும், நிற்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தைத் தின்னும். போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த மருந்தும் கிடையாது.

ஒளியோடு தொல்லை தீர்ந்துவிடாது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பூஞ்சைக்கு 65ஐத் தாண்டினாலே போதும். அலுவலகக் குளிர்சாதனம் மாலை ஏழு மணிக்கு நிற்கும், வார இறுதியில் ஓடவே ஓடாது. ஆக, துணி தினமும் ஒருமுறை காய்ந்து ஒருமுறை நமத்துப்போகும். நிலையான ஈரத்தைவிட இந்த ஏற்ற இறக்கம் நூலுக்குக் கெடுதல். போதாதற்கு இராமபாணப் பூச்சி. ஜாவாவில் மெழுகு தொடும் முன் துணிக்கு மாவுப்பசை போடுவார்கள். அதற்கு அங்கே பெயர் என்ன தெரியுமா? கஞ்சி. நம் சொல்லேதான், கடல் கடந்து போய் அங்கேயே குடியேறிவிட்டது. அந்தக் கஞ்சியின் மிச்சம் இராமபாணத்துக்கு விருந்து. இன்னொரு சட்டகத்துக்குள், கண்ணாடியின் கீழ் விளிம்பில் வெள்ளித் துகள்போல் அதன் தோல்கள் கிடந்தன.

எனவே சுவர் என்றால் பழைய துணி வேண்டாம் என்று எழுதினேன். சுவரே வேண்டாம் என்று எழுதவில்லை. திரெங்கானுவில் இன்றும் சோங்கெட் நெய்கிறார்கள். 2021இல் அது யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் ஏறியது. லுவாங் பிராபாங்கில் 2000இல் தொடங்கிய ஒக் பாப் தோக், பாலியின் உபூதில் 1998 முதல் இயங்கும் திரெட்ஸ் ஆஃப் லைஃப் போன்ற இடங்கள் இன்றைய நெசவாளர்களிடமிருந்து துணி வாங்கி விற்கின்றன. வரவேற்பறைக்குப் புதிதாக ஒன்றிரண்டு சொல்லி நெய்து வாங்கலாம். ஐந்தாண்டில் வெளுத்தால் இன்னொன்று சொல்லலாம், தறிக்கும் வேலை கிடைக்கும். ‘புதுசுக்கு மதிப்பு இல்லையே’ என்றார் ஒருவர். பழசுக்கு மதிப்பு இருக்கிறது என்பதால்தானே அதை வெயிலில் போட வேண்டாம் என்கிறேன்.

அடுத்த வழி, சுருட்டி வைப்பது. கேட்பதற்கு உப்புச் சப்பில்லாத வழி. ஆனால் துணியின் பக்கம் நின்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மடித்தால் மடிப்பில் ஒடியும். அதிலும் சோங்கெட்டில் ஊடையோடு, அதாவது குறுக்கு நூலோடு, ஓடும் சரிகை, நூலின் மேல் சுற்றிய மெல்லிய உலோக நாடா. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்து விரித்தால் விரிசல் விட்டுவிடும். நம் வீட்டில் பட்டுப் புடவையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்கச் சொல்வார்களே, அதே காரணம். ஆகவே அமிலமில்லாத தாள் சுற்றிய தடித்த குழாயில், சரிகைப் பக்கம் வெளியே இருக்கும்படி, இடையிடையே தாள் கொடுத்துச் சுருட்ட வேண்டும். மேலே சலவை செய்த பருத்தித் துணியால் ஓர் உறை. சாதாரண அட்டைக் குழாய் கூடாது, மரப் பெட்டி கூடாது. இரண்டிலும் அமிலம் கசியும். அந்துருண்டையும் வேண்டாம், மனிதருக்கும் நல்லதல்ல. பூச்சி இருக்கும் என்று சந்தேகமிருந்தால் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி -20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுக்கலாம். ஜாவா வீடுகளில் பாத்திக் அலமாரிக்குள் வெட்டிவேர் போடுவார்கள், துவைக்க லெராக் என்ற கொட்டையைப் பயன்படுத்துவார்கள். அது நம் பூந்திக்கொட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. உடுத்தும் துணிக்கு இரண்டும் நல்லவை. எங்கள் துணிகளை மட்டும் தண்ணீரில் நனைக்காதீர்கள் என்று அறிக்கையில் அடிக்கோடிட்டு எழுதினேன், ஏனென்றால் ஒருவர் ஆர்வமாகக் கேட்டார்.

எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளின்படி, இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஒரு ஹிங்கியை முறையாகச் சட்டகமிட ஆகும் செலவில் 36 துணிகளுக்கும் குழாய், தாள், உறை எல்லாம் வாங்கிவிடலாம். செலவு சாமானில் இல்லை, இடத்தில்தான். ஈரப்பதம் கட்டுப்படுத்திய வாடகைக் கிடங்குக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பூட்டி வைத்தால் திறப்பவர் யார்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது போய், இரண்டு மூன்று சுருளைப் பிரித்து, பூச்சி இருக்கிறதா, வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆளின் பெயர் காகிதத்தில் இல்லையென்றால், ஐந்தாண்டில் அந்தக் கிடங்கு வாடகை ‘இது என்ன செலவு?’ என்று கணக்குத் தணிக்கையில் சிக்கும். பிறகு நடப்பதை ஊகிக்கலாம்.

எல்லா வழிகளையும் நான் அளந்த கோல் இதுதான். பணம், அழகு, வரிச்சலுகை எல்லாம் பிறகு. ஐந்தாண்டு கழித்து இந்தத் துணியைக் கையில் எடுக்கப்போகிறவர் யார்?

துணிச் சேகரிப்பை நன்றாக வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றனவே என்று கூட்டத்தில் கேட்டார்கள். இருக்கின்றன. பேங்காக்கில் ஜிம் தாம்சன் வீடு. பட்டு வணிகரான அவர் 1967இல் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவேயில்லை. வீடும் சேகரிப்பும் பின்னர் ஓர் அறக்கட்டளையின் கைக்குப் போய் இன்றுவரை திறந்திருக்கின்றன. ஜாவாவின் சோலோ நகரில் டானார் ஹாடி பாத்திக் நிறுவனம் 2000இல் தன் அரும்பொருளகத்தைத் திறந்தது. அரண்மனைப் பாத்திக், டச்சுக்காரர் பாணி, சீனர் பாணி, ஜப்பானியர் காலத்து வகை என்று அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டுமே துணி விற்றுப் பிழைத்த நிறுவனங்கள். வீட்டிலேயே கைதேர்ந்த ஆட்கள் உண்டு. எங்களிடம் பம்பு வால்வைப் பற்றிக் கேட்டால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லும் நாலு பேர் இருக்கிறார்கள். நெடுக்கு நூலான பாவு எது, ஊடை எது என்று கேட்டால் நான் ஒருவன், அதுவும் தாத்தாவின் புண்ணியத்தில். அவர்களைப் பார்த்து நாங்கள் சூடு போட்டுக்கொள்வது சரியாக வராது.

மூன்றாவது, அரும்பொருளகத்துக்கு இரவல் கொடுப்பது. கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போன வழி. பொருள் நம்முடையதாகவே இருக்கும், பராமரிப்பு அவர்களுடையது, பெயர்ப்பலகையில் நிறுவனத்தின் பெயர். நடைமுறையில் இது எனக்குக் கடைசி. எந்த அரும்பொருளகமும் தனக்குச் சொந்தமில்லாத பொருளுக்குக் காலகாலமாகக் கிடங்கு கொடுக்க விரும்பாது. ஒரு குறிப்பிட்ட கண்காட்சிக்கு இரண்டு துணி, ஆறு மாதம், அவ்வளவுதான். அதற்கும் மதிப்பீடு, காப்பீடு, போகும்போதும் வரும்போதும் நிலை அறிக்கை. கண்காட்சி முடிந்ததும் துணி திரும்ப நம் வாசலுக்கு வந்து நிற்கும். கேள்வியும் கூடவே வரும்.

நன்கொடை வேறு கதை. கொடுத்தால் கொடுத்ததுதான். சிங்கப்பூரில் ஒப்புதல் பெற்ற அரும்பொருளகத்துக்குக் கலைப்பொருளாகக் கொடுத்தாலும் மதிப்பைப்போல் இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு. இயக்குநர்களில் இருவர் இந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது ஆள் பலம். ஜூரோங்கில் தேசியச் சேகரிப்புக்கென்றே பாதுகாப்பு மையம் இருக்கிறது. அங்கே துணியைப் பார்ப்பதற்கென்றே படித்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் மூட்டையாகத் தூக்கிக் கொடுக்க முடியாது. வேண்டியதை மட்டும் எடுப்பார்கள், மற்றதைப் பணிவாக மறுப்பார்கள். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது என்று கேட்பார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து உறையிலிட்டுப் பூட்டி வைத்தது அன்றைக்குத்தான். துணியோடு அந்தப் பக்கங்களும் போகவில்லையென்றால் துணிக்கு ஊர் இல்லை, பேர் இல்லை.

எவை தேறும்? கையெழுத்துள்ள இரண்டு பாத்திக்கும் நிச்சயம் பார்க்கத்தக்கவை. எலீசா வான் சூய்லன் போன்ற பெக்காலோங்கான் பட்டறைக்காரர்கள் ஓவியர்களைப்போல் துணியோரத்தில் பெயர் போட்டார்கள். போலிக் கையெழுத்தும் உலவுவதால் எங்களுடையது யாருடையது என்று சொல்ல வேண்டியவர்கள் வல்லுநர்கள். தம்பான் சின்னத் துணிதான், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. சடங்குகளில் பரிசுப் பொருளை மூடிக் கொடுக்க நெய்தது. நெசவே நின்றுபோன வகை என்பதால் அதற்கு மாற்று இல்லை. பிறகு கெரிங்சிங். பாவு, ஊடை இரண்டையும் நெய்வதற்கு முன்பே முடிச்சிட்டுச் சாயமேற்றி, தறியில் இரண்டும் புள்ளிக்குப் புள்ளி சந்திக்குமாறு நெய்வது. உலகத்தில் இந்தியா, ஜப்பான், பாலி தவிர வேறெங்கும் இந்த வித்தை ஊன்றவில்லை. குஜராத்தின் பட்டோலா பட்டில் செய்ததைத் தெங்கானான் பெண்கள் பருத்தியில் செய்கிறார்கள். ஒரு துணி முடியச் சில ஆண்டுகள் ஆகும். பெயருக்கு ‘நோயில்லாதது’ என்று பொருள்.

விற்பனையைப் பற்றி நீட்ட மாட்டேன். ஏலக்கூடங்கள் கையெழுத்துப் பாத்திக்கை எடுத்துக்கொள்ளும், மற்றவற்றைக் குவியலாக ஒரே எண்ணில் தள்ளும். ஊலோஸ் மூன்றும் எங்கோ ஒரு விடுதியின் சோபா விரிப்பாகும். லாவோஸ், கம்போடியாப் பட்டு நான்கு மட்டும் தொண்ணூறுகளில் கடையில் வாங்கியவை, ரசீதே இருக்கிறது. அவற்றை விற்க எனக்கு மறுப்பில்லை.

கடைசி வழி, பிறந்த ஊருக்கே அனுப்புவது. இதை நான் பட்டியலில் சேர்த்ததற்கே சிலர் முகம் சுளித்தார்கள். நியாயமான காசு கொடுத்து வாங்கியது, திருப்பிக் கொடுப்பதாவது? புவா கும்பு மூன்றைப் பற்றி மட்டும் யோசித்துப் பாருங்கள் என்றேன். அது போர்வை அல்ல. இபான் பெண்களுக்குக் கோலம் கனவில் வரும் என்பது நம்பிக்கை. நூலுக்குச் சாயம் பிடிக்கச் செய்யும் சடங்கை அவர்கள் ‘பெண்களின் போர்’ என்றே அழைத்தார்கள். அதை முன்நின்று செய்பவளுக்கு, தலை கொய்து வந்த வீரனுக்குரிய மரியாதை. வெட்டிய தலையை வாங்கிக்கொண்டதும் புவாவில்தான். எங்கள் அலுவலகத்தில் அவற்றில் ஒன்று பத்தாண்டுகள் நகலெடுக்கும் இயந்திரத்துக்கு மேலே தொங்கியது.

திருப்பிக் கொடுப்பது என்று சொல்வது எளிது, யாரிடம் என்பதுதான் கடினம். நோட்டில் ‘கூச்சிங், கடைவீதி’ என்று மட்டும் இருக்கிறது. இபான் குடும்பங்கள் பல சேர்ந்து வாழும் நீண்டவீடுகளில் எது, எந்தக் கை என்று தெரிய வழியில்லை. நாமாக ஒரு மூட்டையைக் கட்டி ஏதோ ஒரு கிராமத்து வாசலில் இறக்கினால் அது கொடை அல்ல, சுமை மாற்றம். கூச்சிங்கில் துன் ஜுகா அறக்கட்டளை இபான் நெசவுகளைச் சேர்த்துக் காக்கிறது, நெசவும் கற்றுக்கொடுக்கிறது. முதலில் படங்களோடு அவர்களுக்கு ஒரு கடிதம், வேண்டுமா என்று கேட்டு. வேண்டாம் என்றால் எங்கள் குழாய்களில் இருக்கட்டும்.

ஆக, நான் கொடுத்த பரிந்துரை ஒரே வழியாக இல்லை. ஐந்தை நன்கொடையாக முன்வைப்பது: கையெழுத்துப் பாத்திக் இரண்டு, தம்பான், கெரிங்சிங், பாகி-சோரே. மூன்று புவாவுக்குக் கூச்சிங் கடிதம். நான்கு பட்டு விற்பனைக்கு; அந்தப் பணத்தில் திரெங்கானுவில் வரவேற்பறைக்கு ஒரு புதுச் சோங்கெட். மிச்சம் 24 சுருளுக்கு, காயின் பெலிகாட்டும் சேர்த்து. புதிய தளத்தில் கணினிச் சேவையகம் வைக்கும் அறையில் மட்டும் குளிர்சாதனம் இரவு பகலாக ஓடும். அதை ஒட்டிய ஆறடி அறையை, ஈரப்பதமானி ஒன்றோடு, கேட்டிருக்கிறேன். அதற்குத் தனியாகக் கிடங்கு வாடகை வேண்டாம்.

பாகி-சோரேயை அரும்பொருளகம் வேண்டாம் என்று சொல்லக்கூடும். ஒரு பாதி வெளுத்ததை யார் எடுப்பார் என்று இயக்குநரும் கேட்டார். ஒளி என்ன செய்யும் என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல துணி கிடைக்காது என்று நான் குறிப்பு எழுதியிருக்கிறேன். பார்ப்போம்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘பொறுப்பு’ என்ற கட்டத்தில் இரண்டு பெயர்களை எழுதினேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று மக்சிக்கினுடையது. மூன்று மாதத்துக்கு ஒரு அரைநாள். கேட்டபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார், கையுறை மட்டும் தனக்குச் சரியான அளவில் வேண்டும் என்றார். மனிதவளத் துறையிலிருந்து மறுநாளே மின்னஞ்சல் வந்தது: தேநீர் அறைப் பணியாளரின் வேலை விவரத்தில் இது அடங்குமா? அடங்காது என்று பதில் போட்டேன். அடங்காததால் அவருக்கு மாதம் எவ்வளவு கூட்டிக் கொடுப்பது என்பதுதான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் முதல் விஷயம்.